நூற்பட்டியலின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

"எங்கள் கல்லூரி நூலகத்தில் ஏறக்குறைய 38,000 நூல்கள் இருக்கின்றன. இப்போதுள்ள மென்பொருளின் பராமரிப்பு ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. ஒரு நிறுவனத்தின் கிளவுட் சேவைக்கு மாறலாம் என்று நிர்வாகம் சொல்கிறது. நான் கோஹா என்ற கட்டற்ற நூலக மென்பொருளைச் சொன்னேன். 'சும்மா கிடைப்பதில் தரம் இருக்குமா? கொள்கை பேசிக்கொண்டு நூலகம் நடத்த முடியுமா?' என்கிறார்கள். கூட்டத்தில் என்ன பதில் சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தச் 'சும்மா'வைப் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இலவசத்தையும் குறிக்கும், சுதந்திரத்தையும் குறிக்கும். அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் இத்தகைய மென்பொருளுக்காகக் குனு திட்டத்தை அறிவித்த காலத்திலிருந்து இந்தக் குழப்பத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்று பெயர் வைத்தவர்கள் விஷயத்தைச் சரியாகப் பிடித்தார்கள் என்றே நினைக்கிறேன். கோஹாவை நிறுவ, பழைய தரவை மாற்ற, ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, ஆண்டுதோறும் புதுப்பிக்க என்று எல்லாவற்றுக்கும் பணம் ஆகும். கூட்டத்தில் இதை நீங்களே முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். செலவுக் கணக்கை மட்டும் வைத்து வாதாடினால், நாளைக்கு யாராவது முதல் வருடம் இலவசம் என்று வந்து நிற்பார்கள். அப்போது உங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. பேச வேண்டியது நம்மைக் கட்டிப்போடும் அந்தக் கட்டு பற்றி.

அந்தக் கட்டு எப்படி இருக்கும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தைக் கோஹாவுக்கு மாற்றித் தரும் வேலை வந்தது. அங்கே பதினோரு வருடமாக ஒரு வணிக மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, விற்றவர்கள் தொலைபேசியை எடுப்பதில்லை. மென்பொருளில் 'ஏற்றுமதி' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் ஒரு எக்செல் கோப்பு வரும். சேர்ப்பு எண், தலைப்பு, ஆசிரியர், விலை, அவ்வளவுதான். பொருள் தலைப்புகள் (நூல் எதைப் பற்றியது என்ற குறிப்பு) இல்லை, வகைப்பாட்டு எண் பாதி நூல்களுக்கு இல்லை, எந்த நூல் யாரிடம் இருக்கிறது என்ற விவரமும் இல்லை. திரையில் எல்லாம் தெரிந்தது. வெளியே மட்டும் வரவில்லை.

தமிழ் நூல்களின் நிலை இன்னும் மோசம். தலைப்புகளை அந்த மென்பொருளோடு வந்த எழுத்துருவிலேயே உள்ளிட்டிருந்தார்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி என்று தெரியும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாமினிக்காவது மாற்றிகள் இருக்கின்றன, ஒரு நொடியில் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடாக்கிவிடலாம். இந்த எழுத்துருவுக்கு எங்கு தேடியும் மாற்றி கிடைக்கவில்லை. எந்த இடத்தில் எந்த எழுத்தை வைத்தார்கள் என்ற அட்டவணை செய்தவர்களிடம் மட்டும்தான் இருந்தது.

அதனால் நூலக உதவியாளராக இருந்த அம்மையாரும் நானும் தமிழ் அடுக்கிலிருந்து நூல்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினோம். அவர் அட்டையைப் பார்த்துத் தலைப்பை வாசிப்பார். நான் திரையில் அதே சேர்ப்பு எண்ணுக்கு எதிரே இருந்த கிறுக்கலைப் பார்த்து, இந்தக் குறி 'ஞ', இந்தக் குறி 'று' என்று எழுதிக்கொண்டே வருவேன். கொம்புதான் பெரிய தொல்லை. பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையே கோப்பிலும் இருக்கும். 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் க முதலில் வரும், கொம்பு பின்னால் வரும். 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டுகளையும் பிடித்து ஒட்ட வேண்டும். ஒன்பது நாள் ஆயிற்று. அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவற்றை உள்ளிட்டவரே அந்த அம்மையார்தான், தினமும் இருபது, முப்பது நூல் என்று. "நான் அடிச்சதுதானே சார் இதெல்லாம், எனக்கே காட்ட மாட்டேங்குதே" என்றார். எனக்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் நிர்வாகம் 'கொள்கை' என்று ஒதுக்குவது இந்த அம்மையாரின் கேள்வியைத்தான். ஒரு நூலகத்தின் நூற்பட்டியல் மென்பொருள் நிறுவனம் செய்த பொருள் இல்லை. நூலை ஒவ்வொன்றாகப் பிரித்து, வகைப்பாட்டு எண் கொடுத்து, பொருள் தலைப்பு யோசித்து நூலகர்கள் சேர்த்தது. அதை வைத்திருக்கும் பெட்டி அடுத்தவருடையதாக இருக்கலாம். பூட்டும் அவருடையது, சாவியும் அவரிடம் மட்டும் என்றால், பட்டா நம் பெயரில் இல்லாத இடத்தில் மாடி கட்டியது போலத்தான்.

இப்போது கோஹா எப்படிப் பிறந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் அதைச் செய்தவர்கள் உங்களைப் போன்ற நூலகர்கள். நியூசிலாந்தில் வெலிங்டனுக்கு வடக்கே ஹோரோஃபெனுவா என்று ஒரு மாவட்டம். அன்றைக்குச் சுமார் 30,000 பேர் வாழ்ந்த இடம். லெவின், ஃபாக்ஸ்டன், ஷானன் ஆகிய சிறு ஊர்களில் நூலகங்கள். அவற்றை நடத்திய ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளையிடம் இருந்த பழைய கணினி அமைப்பு 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்று 1999இல் தெரிந்துவிட்டது. சந்தையில் இருந்தவை அவர்கள் கைக்கும் அடங்கவில்லை, தேவைக்கும் பொருந்தவில்லை. கட்டிபோ என்ற சிறிய நிறுவனத்திடம் புதிதாக எழுதித் தரச் சொன்னார்கள். 2000 ஜனவரி முதல் வாரத்தில் அது ஓடத் தொடங்கியது.

அந்த மென்பொருளை அவர்கள் மற்ற நூலகங்களுக்கு விற்றிருக்கலாம். ஆனால் அவர்கள் நூலகம் நடத்துகிறவர்கள், மென்பொருள் வியாபாரத்தில் இறங்க விருப்பமில்லை. எழுதிக் கொடுத்த நிறுவனம் நாளைக்கு இல்லாமல் போனாலும் வேறு யாராவது எடுத்துப் பராமரிக்க வழி இருக்க வேண்டும் என்றும் நினைத்தார்கள். அதனால் குனு பொது உரிமத்தின் கீழ் மூல நிரலை, அதாவது மென்பொருளை எழுதிய வரிகளையே, வெளியிட்டார்கள். யாரும் பயன்படுத்தலாம், படித்துப் பார்க்கலாம், மாற்றலாம். மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுத்தால் அதே உரிமைகளோடு கொடுக்க வேண்டும், இதுதான் நிபந்தனை.

பெயரையும் யோசித்துத்தான் வைத்தார்கள். கோஹா மாவோரி மொழிச் சொல், கொடை என்று பொருள். விருந்தாளியாகப் போகிறவர் கையோடு கொண்டுபோவது. வாங்கியவர் ஒருநாள் திரும்பச் செய்வது முறை. நம் ஊர் மொய்தான் உடனே நினைவுக்கு வருகிறது, நோட்டுப் போட்டு எழுதும் கணக்கு மட்டும் இல்லாமல். அந்த முறைப்படியேதான் கோஹா வளர்ந்தது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் நெல்சன்வில் பொது நூலகம் அதை எடுத்துக்கொண்டது. அவர்களுக்கு நூல் விவரங்களைக் கணினியில் பதியும் மார்க் 21 என்ற பொது வடிவம் வேண்டும், கோஹாவில் அது இல்லை. பணம் கொடுத்து எழுத வைத்தார்கள். அந்த வசதி உலகத்துக்கே போய்ச் சேர்ந்தது. பிரான்சில் அதன் இன்னொரு வகையான யூனிமார்க் வேண்டியிருந்தது, அதை அங்கிருப்பவர்கள் சேர்த்தார்கள். 2011இல் கோஹா பயனர்களின் உலக மாநாடு மும்பையை அடுத்த தாணேயில் நடந்தது. இன்று மே மாதம் ஒன்று, நவம்பர் மாதம் ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு பதிப்புகள் வருகின்றன.

இந்தக் கதையில் ஒரு கசப்பான அத்தியாயமும் உண்டு. அதைத்தான் உங்கள் நிர்வாகக் குழு கட்டாயம் கேட்க வேண்டும் என்பேன். 2007இல் கட்டிபோவின் கோஹா பிரிவை லிப்லைம் என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கியது. கோஹாவின் இணைய முகவரி அதோடு போயிற்று. 2009இல் லிப்லைம் தன் வாடிக்கையாளர்களுக்கென்று தனியாக ஒரு கோஹாவை வளர்க்கத் தொடங்கியதும் உலகம் முழுக்க இருந்த நூலகர்கள் கலங்கினார்கள். 2010இல் லிப்லைமை பிடிஎஃப்எஸ் என்ற இன்னொரு நிறுவனம் வாங்கியது. அடுத்த ஆண்டு, 'கோஹா' என்ற சொல்லையே நியூசிலாந்தில் வணிகக் குறியாகப் பதிவு செய்யும் விண்ணப்பம் முன்னேறிவிட்டது என்று செய்தி வந்தது. மாவோரி மக்களின் சொல், அவர்கள் நாட்டிலேயே பிறந்த மென்பொருள், உரிமை கேட்பது அமெரிக்க நிறுவனம். லெவின் ஊர்க்காரர்கள் வழக்குச் செலவுக்கு உதவி கேட்டார்கள், எங்கெங்கிருந்தோ பணம் வந்தது. 2013இன் இறுதியில் அந்தப் பதிவு மறுக்கப்பட்டது.

இத்தனை நடந்தும் கோஹா பயன்படுத்திய ஒரு நூலகமாவது கதவை மூட வேண்டி வந்ததா? நான் கேள்விப்பட்டதில்லை. பழைய முகவரி கையை விட்டுப் போனதும் புது முகவரி தொடங்கினார்கள். மூல நிரல் எல்லாரிடமும் இருந்தது, எழுதுகிறவர்களும் கூடவே வந்துவிட்டார்கள். பெயரைப் பிடித்துக்கொள்ள முடிந்தது, இணைய முகவரியைப் பிடித்துக்கொள்ள முடிந்தது, மென்பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரிக்கு நடந்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஒரே ஒரு தொலைபேசி எடுக்கப்படாமல் போனது, பதினோரு வருட உழைப்பு திரைக்குள்ளேயே நின்றுவிட்டது. கம்பெனிகள் கைமாறும், மூடும், மனம் மாறும். யார் மீதும் தப்புச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஆகும் நாளில் நம் நிலை என்ன என்பதை உரிமத்தின் வரிகள்தான் தீர்மானிக்கின்றன.

தரம் பற்றிக் கேட்டார்களே, அதற்குத் தமிழிலேயே ஒரு உதாரணம் சொல்கிறேன். கோஹாவை நிறுவி, தமிழ் நூல்களை யூனிகோடில் ஏற்றி, ஓபாக்கில் (வாசகர்கள் நூல் தேடும் இணையப் பக்கத்தில்) தேடினால் சில சமயம் ஒன்றுமே வராது, அல்லது சம்பந்தமில்லாதது வரும். பயந்துவிட வேண்டாம். கோஹா தேடலுக்கு ஜீப்ரா என்ற அட்டவணைக் கருவியை வைத்திருக்கிறது. அதன் எழுத்து அட்டவணை வழக்கமாக லத்தீன் எழுத்துகளை மனதில் வைத்தது. புள்ளியும் கொம்பும் காலும் சொல்லின் பகுதி என்று அதற்குத் தெரியாது. எல்லா மொழி எழுத்துகளையும் கையாளும் ஐசியு என்ற முறைக்கு மாற்றி, மறுபடி அட்டவணையிட்டால் சரியாகிவிடும். அமைப்புக் கோப்பைத் திறக்க அனுமதி இருப்பதால் இது ஒரு பிற்பகல் வேலை. இதே கோளாறு மூல நிரலைக் காட்டாத ஒரு மூடிய மென்பொருளில் வந்தபோது, அடுத்த பதிப்பில் பார்க்கிறோம் என்ற பதிலோடு ஒரு நூலகம் ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். விற்கிறவரைக் குறை சொல்ல முடியாது. தமிழில் தேடுகிற நூறு நூலகங்களுக்காக அவர் மற்ற வேலையை நிறுத்திவிட்டு இதைச் செய்வதில் லாபம் இல்லை. நமக்கோ அதுதான் முழு நூலகமும். தன் மொழியைத் தேடித் தராத ஓபாக்கைத் தரமானது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆசிரியர் பெயரையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மார்க் வடிவம் 1960களில் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியெட் ஆவ்ரம் தலைமையில் உருவானது. அதன் ஆசிரியர் புலம் குடும்பப் பெயர், காற்புள்ளி, சொந்தப் பெயர் என்ற பழக்கத்தில் வளர்ந்தது. நமக்கு இருப்பது முதலெழுத்தும் பெயரும். எந்த வரிசையில் எழுதுவது என்று முடிவெடுத்து, உள்ளீட்டுப் படிவத்திலேயே குறிப்பாகப் போட்டு வைக்கலாம். கோஹாவில் அந்தப் படிவத்தை நீங்களே திருத்தலாம்.

அப்புறம், கூட்டத்தில் யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் நீங்கள் எழுப்ப வேண்டிய ஒன்று. ஒரு மாணவி மூன்றாண்டுகளில் என்னென்ன நூல்களை எடுத்தாள் என்ற பட்டியல் யாருக்குத் தெரியலாம்? மருத்துவம், மதம், அரசியல், மணமுறிவு பற்றிய சட்டம் என்று ஒருவர் படிப்பது அவருடைய சொந்த விஷயம். கோஹாவில் இதற்கென்று அமைப்பு உண்டு. நூல் திரும்பி வந்ததும் அந்த இரவலுக்கும் வாசகருக்கும் உள்ள தொடர்பை அழித்துவிடச் செய்யலாம், அல்லது வாசகரே தன் பக்கத்தில் முடிவு செய்துகொள்ளலாம். எத்தனை நூல் எத்தனை முறை போயிற்று என்ற புள்ளிவிவரம் அப்படியே இருக்கும். உண்மையிலேயே அழிகிறதா என்று சந்தேகம் வந்தால் தரவுத்தளத்தைத் திறந்து நீங்களே பார்க்கலாம். அடுத்தவர் சர்வரில் இருக்கும் மூடிய சேவையில் அவர்கள் சொல்வதை நம்புவதைத் தவிர வழி கிடையாது.

கிளவுட் என்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. பல கல்லூரிகளில் சர்வர் என்பது மின்தடைக்குப் பயந்து ஒரு மூலையில் இருக்கும் பழைய கணினி. அதைவிட, கோஹாவை நடத்தித் தரும் ஒரு சேவையாளரிடம் மாதக் கட்டணம் கட்டுவது பாதுகாப்பு. ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பொது உரிமம் மென்பொருளை அடுத்தவருக்குக் கொடுக்கும்போதுதான் மூல நிரலையும் கொடுக்கச் சொல்கிறது. தன் சர்வரில் ஓட்டி, உலாவி வழியாக மட்டும் காட்டுகிறவர் கோஹாவில் எதை மாற்றினார் என்று உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. 2009 சச்சரவிலும் இந்தக் கவலை இருந்தது. ஆகவே கட்டற்ற மென்பொருளைத்தான் தருகிறோம் என்ற வாக்குறுதி போதாது. ஒவ்வொரு இரவும் தரவுத்தளத்தின் முழுப் படி ஒன்று உங்கள் கல்லூரி வட்டுக்கு வர வேண்டும். அதை வேறொரு கணினியில் ஏற்றினால் நூலகம் ஓட வேண்டும்.

கோஹாவின் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நம் பக்கத்தில் நான் அதிகம் பார்ப்பது, ஆர்வமுள்ள ஒரு நூலகரோ ஒரு கணினித் துறை ஆசிரியரோ தன் சொந்த முயற்சியில் நிறுவுவார். இரண்டு வருடத்தில் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார். கடவுச்சொல் அவரோடு போய்விடும். அந்தக் கோஹா அதே பதிப்பில் ஆறேழு வருடம் உறைந்து நிற்கும், பாதுகாப்புத் திருத்தம் எதுவும் ஏறாது. பிறகு 'கோஹா சரியில்லை' என்று பேர் வாங்கும். மூடிய மென்பொருளில் நிறுவனம் சாவியை வைத்திருக்கிறது என்றால், இங்கே ஒரே ஆள் வைத்திருக்கிறார். நூலகத்துக்கு இரண்டும் ஒன்றுதான். குறைந்தது இரண்டு பேருக்காவது கோஹா ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு படியெடுப்பதும் மீட்பதும் தெரிந்திருக்க வேண்டும், செய்முறை தாளில் எழுதி இருக்க வேண்டும். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தொகை இல்லாவிட்டால் கோஹாவுக்கு மாறாதீர்கள் என்றே சொல்வேன்.

நான் எல்லா இடத்திலும் கட்டற்றதே வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஆளில்லை. எங்கள் அலுவலகக் கணக்கு டாலி என்ற மூடிய மென்பொருளில்தான் ஓடுகிறது, ஊரிலிருக்கிற ஆடிட்டர்களுக்கெல்லாம் அது கைவந்த கருவி. கணக்கும் ஆண்டோடு முடிந்து காகிதத்தில் உட்கார்ந்துவிடுகிறது. நூற்பட்டியல் அப்படி முடிவதில்லை. நூலகம் வளரும் உயிர் என்று சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் ஐந்தாவது விதியாகவே எழுதி வைத்தார். நீங்கள் இன்று உள்ளிடும் பதிவை இன்னும் ஐம்பது வருடம் கழித்து வேறொரு நூலகர் வேறொரு மென்பொருளில் திறக்கப்போகிறார். நீண்ட காலம் நிற்க வேண்டிய பொருளுக்கும் நாளைக்குத் தேவைப்படாத பொருளுக்கும் ஒரே அளவுகோல் வைக்க வேண்டியதில்லை.

சரி, கூட்டத்துக்கு முன் செய்ய வேண்டியது. இப்போதைய மென்பொருளிலிருந்து நூறு பதிவுகளை வெளியே எடுங்கள், அதில் குறைந்தது ஐம்பது தமிழ் நூல்களாக இருக்கட்டும். எக்செல் மட்டும் வந்தால் மார்க் வடிவில் கேளுங்கள். வந்த கோப்பைத் திறந்து 245ஆம் புலத்தைப் பாருங்கள், தலைப்பு தமிழில் தெரிகிறதா? 082இல் வகைப்பாட்டு எண் இருக்கிறதா? 650இல் பொருள் தலைப்பு இருக்கிறதா? கிளவுட் நிறுவனத்திடமும் இதே நூறு பதிவுகளைக் கொடுத்து, ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அதையே திரும்ப எடுத்துத் தரச் சொல்லுங்கள். போனது எல்லாம் திரும்பி வந்தால் அவர்களோடு பேசலாம். அந்த உறுதியை, படிகளின் விவரம், உறுப்பினர் விவரம், நிலுவை இரவல்கள் எல்லாம் உட்பட, கொள்முதல் ஆணையிலேயே எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். இழுத்தடித்தால் அதையும் குறித்துக்கொண்டு கூட்டத்தில் வையுங்கள்.

தமிழ்த் தலைப்புகள் கிறுக்கலாக வந்தால் பழைய எழுத்துருவின் பெயரையும் ஐந்தாறு தலைப்புகளையும் எழுதி அனுப்புங்கள். அந்த ஒன்பது நாளில் போட்ட அட்டவணையும், கொம்பை இடம் மாற்றும் சிறு நிரலும் என்னிடம் இருக்கின்றன. உங்களுடையது வேறு எழுத்துருவாக இருந்தாலும் முக்கால்வாசி வேலையை அதிலிருந்தே தொடங்கலாம்.